மரப்பேனாவும் மழைக்காலமும்

தாமல், காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் இந்த வட்டாரத்துப் பட்டு நெசவாளருக்கு வேலை தடைப்படும். குழித்தறியில் நீர் ஊறும். தெருவில் பாவு நீட்ட முடியாது. மரத்தில் பேனா கடைந்து அதற்குப் பசைப்பூச்சு கொடுப்பவருக்கும் இதே மாதங்களில்தான் தொல்லை. பளபளவென்று முடித்து வைத்த பேனா மறுநாள் காலையில் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருக்கும். ஓரத்தில் உரியும். சில மாதம் கழித்து நீளவாக்கில் விரிசல் விடும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: ஈரம்.

பேனாவுக்கு எதற்குப் பூச்சு என்று கேட்கலாம். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட்டைக் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள். எபோனைட் என்பது கந்தகம் நிறையச் சேர்த்து இறுக்கிய ரப்பர். தேய்த்தாலே மின்னும். மரம் அப்படியல்ல, வியர்வை, எண்ணெய், மை எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைக்கும் நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புக்கும் அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகிப் படியும். அருமையான வேலை அது. ஆனால் அரக்கு சூட்டுக்கு இளகும், சானிடைசர் தடவிய கை பட்டால் மங்கும். நாள் முழுவதும் விரலிடுக்கில் இருக்கிற பேனாவுக்கு அதைவிடக் கெட்டியான மேல்தோல் வேண்டும். அதற்காகத்தான் இன்று பலர் சயனோஅக்ரிலேட் பசையைப் பூசுகிறார்கள். கடையில் ஃபெவிக்விக் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த இனம்.

இந்தப் பசை 1940களில் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி கூவரின் கையில் அகப்பட்டது. துப்பாக்கிக்கான தெளிவான பிளாஸ்டிக் குறிநோக்கியைத் தேடியவர்களுக்கு, தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்ளும் இந்தச் சரக்கு இடைஞ்சலாகப் பட்டது, ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் மறுபடி கையிலெடுத்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. 1958இல் விற்பனைக்கு வந்தது.

புட்டியில் திரவமாக இருக்கும் பசை, காற்றிலும் மரத்திலும் இருக்கிற துளி ஈரம் பட்டவுடன் மூலக்கூறு மூலக்கூறாகச் சங்கிலி கோத்து இறுகுகிறது. காய்வதற்காக அதிலிருந்து எதுவும் ஆவியாக வேண்டியதில்லை. ஆக, ஈரம் இல்லாமல் இது இறுகாது. ஈரம் மிகுந்தாலோ அவசரமாக இறுகும். இறுகாத பசையிலிருந்து கிளம்பும் ஆவி ஈரக்காற்றில் வெள்ளைப் பொடியாகி மேலேயே படியும். அந்தச் சாம்பல் பூச்சு இதுதான். சீக்கிரம் காய வேண்டுமென்று முடுக்கித் திரவத்தை அருகில் பிடித்து அடித்தாலும் இதே கதி. கூடவே பசை சூடேறிக் குமிழியிடும். ஓரடி தள்ளி நின்று லேசாக அடியுங்கள். மழைநாளில் அதுவும் வேண்டாம். மெல்லிய பசையை மெல்லிய படலமாகப் பூசி, ஒவ்வொன்றையும் தானாக இறுக விட்டால் போதும். ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? முழுப் பூச்சையும் கடைந்து எடுக்க வேண்டியதில்லை. வெளுப்பு மேலாக மட்டும் இருந்தால், நுண்ணிய உப்புத்தாளால் அது போகும்வரை தேய்த்து, துடைத்து, வெயில் அடிக்கிற நாளில் இன்னும் இரண்டு படலம் ஏற்றுங்கள்.

வெளுப்பு பேனாவின் இரு முனைகளில் மட்டும் இருந்தால் காரணம் வேறு. கடைசி மெருகுக்குத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும்போது, மரம் வெட்டப்பட்ட முனை வழியாக நீர் உள்ளே ஏறி, பூச்சை அடியிலிருந்து தூக்குகிறது. ஈரத்தேய்ப்புக்கு முன் இரு முனைகளிலும் ஒரு சொட்டு மெல்லிய பசை விட்டு அடைத்துவிட வேண்டும். கடைசலில் இருந்து கழற்றும்போது முனை பெயர்ந்து வந்தால் அது ஈரத்தின் வேலையல்ல. பூச்சு, கடைசலில் பேனாவை ஒட்டி மாட்டியிருக்கும் உலோக வளையத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. வளையத்தில் மெழுகு தடவிவையுங்கள். மூட்டைச் சுற்றிக் கூரிய பிளேடால் கீறிவிட்டுக் கழற்றுங்கள்.

தேக்கும் ஈட்டியும் எண்ணெய்ப் பசை உள்ளவை. பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்டுத் துடைக்காவிட்டால் பூச்சு பிடிக்காமல் தகடாக எழும்பும்.

எனக்கு மிகவும் பிடித்தது பனை. பழைய ஓட்டு வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற பனங்கைத் துண்டில் கடைந்த பேனாவைப் பார்த்திருக்கிறீர்களா? பழுப்பு நிறத்தின் நடுவே கறுப்புக் கோடுகள் ஓடும். வெளிநாட்டுப் பேனாக் கடைசல்காரர்கள் கரும்பனை என்று பெயரிட்டு இதை விலைகொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் கடைவது எளிதல்ல. பனை, தேக்கைப் போல ஒரே சீரான மரமல்ல. கறுப்பு நார்கள் இரும்பு போல இருக்கும். இடையில் உள்ள சதை சோளத்தட்டை போல மிருது. உளி பட்டதும் சதை குழிந்து நார் பிய்ந்து நிற்கும். உளியைக் கூர் தீட்டிக்கொண்டே, இடையிடையே மெல்லிய பசையைச் சதை குடிக்கும்வரை ஊட்டி, இறுகிய பிறகு மேலே கடைய வேண்டும். குழிகளில் தூள் தங்கிவிட்டால் அது வெள்ளைப் புள்ளியாகப் பூச்சுக்கு அடியில் நிரந்தரமாக நின்றுவிடும். ஒவ்வொரு தேய்ப்புக்கும் பிறகு தூரிகையால் தூளை எடுத்துவிடுங்கள். இவ்வளவு பாடும் அந்தக் கறுப்புக் கோட்டுக்குத் தகும்.

நீளவாக்கில் வரும் விரிசலைப் பூச்சால் தடுக்க முடியாது. உள்ளே இருப்பது அசையாத பித்தளைக் குழாய். மேலே இருப்பது உலர உலரச் சுருங்குகிற மரம். மரம்தான் வெடிக்கும். பேனாக் கட்டையை வாரம் ஒருமுறை சிறிய மின்தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு குழாயில் ஒட்டுங்கள். பசைப் புட்டியைக் குளிர்பெட்டியில் வைப்பவர்கள், வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். குளிர்ந்த புட்டிக்குள் காற்றின் ஈரம் பனியாக இறங்கிப் பசையைக் கெடுக்கும்.

நெசவு வட்டாரத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பஞ்சுக்கழிவும் பருத்தித் துணியும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். இந்தப் பசையைப் பருத்தியில் நனைக்கவே கூடாது. சட்டென்று இறுகிச் சூடேறும், புகை வரும், கையைச் சுட்டுவிடும். பருத்திக் கையுறையும் ஆகாது. காகிதத் துடைப்பானால் பூசுங்கள். கண்ணாடி அணியுங்கள், முகத்தருகே வரும் ஆவியை மின்விசிறி வெளியே தள்ளட்டும். விரல்கள் ஒட்டினால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் இமையை இழுக்காமல், தண்ணீரால் கழுவியபடி உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஏரிக்கரை ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மரத்தை ஒரு நூல் கூடுதல் பருமனாகக் கடைந்து வையுங்கள். இறுதிக் கடைசலையும் பூச்சையும் தை மாதத்து வெயிலுக்கு விட்டுவிடுங்கள்.