பாங்கியும் பாமரரும்

(சிங்கம்புணரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)

தோழர்களே!

ஒரு சாதாரண மனிதன் பாங்கியின்மேல் வழக்குத் தொடுக்க முடியுமா, அதுவும் வக்கீல் இல்லாமல் தானே நின்று வாதாட முடியுமா என்பதைப் பற்றியே இன்று பேச நினைக்கிறோம்.

நம் பக்கத்துக்குப் பாங்கி புதிதல்ல. கொடுக்கல் வாங்கலில் பேர்பெற்ற செட்டிநாடு இது. 1937 பிப்ரவரி 10 இல் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கி, சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. ஆனால் பணம் போட்டவனுக்கு இன்றும் பயம் தெளிந்தபாடில்லை. இவ்வூரில் கயிறு திரித்துப் பிழைக்கும் ஒருவர், கணக்கில் பணம் குறைந்தால் மானேஜர் முன் கைகட்டி நிற்கிறார். "மேலே எழுதியிருக்கிறோம்" என்றால் திரும்பிவிடுகிறார். பிறகு சேவுகப்பெருமாள் அய்யனாரிடம் முறையிடுகிறார். அய்யனார் ரசீதைப் பார்ப்பாரா? கணக்குப் புத்தகத்தைக் கேட்பாரா?

ரசீதைப் பார்ப்பதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 இல் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019 ஆம் ஆண்டுச் சட்டம் 2020 சூலை 20 முதல் அமலாயிற்று. பாங்கி வேலையும் "சேவை" என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. பாங்கியின் தலைமை ஆபீசு பம்பாயில் இருந்தாலென்ன? நாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே, அதாவது சிவகங்கையிலேயே, மனுப் போடலாம். சேவைக்காக நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை. குறை நேர்ந்து 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். லாப வியாபாரத்துக்குப் பெற்ற சேவைக்கு இச்சட்டம் உதவாது. சுயதொழில் செய்து வயிறு வளர்ப்பவருக்கு உதவும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானே என்பீர்கள். கல்கத்தாவில் யுனைடெட் பாங்கி ஆப் இந்தியா, 1994 இல் ஒரு வாடிக்கைக்காரரின் பெட்டகத்தை அவருக்குத் தெரிவிக்காமலே உடைத்தது. அவர் விடவில்லை. நகைக் கணக்கைச் சிவில் கோர்ட்டில் தீர்த்துக்கொள்ளச் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, பாங்கி செய்த அக்கிரமத்துக்காக 5 லட்சம் நஷ்டஈடும் 1 லட்சம் செலவுத் தொகையும் கொடுக்கும்படி 2021 பிப்ரவரி 19 இல் தீர்ப்பளித்தது. அதனால் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே பெட்டகங்களுக்கு ரிசர்வ் பாங்கி புதுவிதி செய்தது. ஒருவர் பிடிவாதம் நாட்டுக்கே விதியாயிற்று. ஆனால் எத்தனை ஆண்டு சென்றது பாருங்கள்! பொறுமையில்லாதவன் இதில் இறங்கிப் பயனில்லை.

வக்கீல் வேண்டாமா என்றால், கட்டாயமில்லை. நாமே நிற்கலாம். வக்கீலல்லாத ஒருவரை நமக்காக நிறுத்தலாம் என்றும் 2011 இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. வக்கீல்மேல் நமக்குத் துவேஷமில்லை. தரகர் இல்லாமல் காரியமே நடக்காது என்ற எண்ணந்தான் கேடு. புரோகிதர் இல்லாத கல்யாணம் செல்லாது என்றார்கள். 1953 இல் சென்னை ஹைகோர்ட்டும் அப்படியே சொல்லிற்று. நாம் நடத்திக்கொண்டே இருந்தோம். 1967 இல் சட்டமே மாறிற்று.

ஆகவே தோழர்களே! ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். வாயால் கெஞ்சாமல் எழுத்தால் கேளுங்கள். கொடுத்த கடிதத்துக்குத் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்குச் செலவில்லாமல் எழுதலாம். படித்த வாலிபர்கள் படிக்காதவருக்கு மனு எழுதிக் கொடுப்பதே இயக்கத் தொண்டு. நம் பணத்தைக் கேட்க நமக்கு வெட்கமென்ன? மானமுள்ளவன் கணக்குக் கேட்பான்.