மாலையும் கழுத்துமாக ஒரு புகைப்படம்

"மனைவி இருக்க இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வது என் மத உரிமை, அரசு ஏன் குறுக்கே வரவேண்டும்?" குடும்ப வழக்குகளை நடத்தும் என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். பழைய கேள்விதான்.

1946-இல் பம்பாய் மாகாணம் இந்துக்களின் இருதார மணத்தைத் தடைசெய்தது. 1951-இல் அந்தச் சட்டம் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் படியேறியது. கரையேற மகன் வேண்டும், மகன் இல்லாதவர் மறுமணம் செய்வது மதக் கடமை என்று வாதாடினார்கள். தலைமை நீதிபதி சாக்ளாவின் பதிலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. நம்பிக்கையை அரசு காக்கும். நம்பிக்கையின் பெயரால் செய்யும் செயல் ஊர் நலத்துக்குக் கட்டுப்படத்தான் வேண்டும் என்றார். மகன் வேண்டுமென்றால் தத்தெடுக்கலாமே என்றும் சுட்டிக்காட்டினார். சென்னை மாகாணத்தின் 1949-ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தையும் நம் உயர்நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. 1955-இல் வந்த இந்து திருமணச் சட்டமும் இருதார மணத்தைத் தடுத்தது.

சட்டம் வந்துவிட்டது, சரி. நிரூபிப்பது எப்படி? இங்கேதான் நேயர்களே, கொஞ்சம் கவனியுங்கள்.

ஒரு நாள் ஓர் அம்மா மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே கணவரின் இரண்டாம் கல்யாணப் பத்திரிகை, மாலையும் கழுத்துமாக இருவரும் நிற்கும் புகைப்படம். "இதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும்?" என்றார். எதிர்த்தரப்போ, "ஓமம் இல்லை, ஏழடி நடக்கவில்லை, ஆகவே இது கல்யாணமே இல்லை" என்றது. சடங்குகள் முறைப்படி நடந்தால்தான் குற்றம் என்று 1965-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது தமிழ்நாட்டின் 1967-ஆம் ஆண்டுச் சுயமரியாதைத் திருமணத் திருத்தம். உற்றார் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும். ஏழடி கட்டாயமில்லை என்று 2001-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. படம் எடுத்தவரே கூண்டேறி, தாலி கட்டியதைப் பார்த்தேன் என்றார். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதம் மாறினாலும் முதல் திருமணம் அறுந்துவிடாது. 1995-இல் சரளா முத்கல் வழக்கின் தீர்ப்பு அது. தண்டனை 7 ஆண்டு வரை. முதல் திருமணத்தை மறைத்து மணந்தால் 10 ஆண்டு வரை. இரண்டாவது மனைவிக்குப் பிறந்த பிள்ளைகளுக்குச் சட்டம் எந்தக் களங்கமும் கற்பிப்பதில்லை. இஸ்லாமியர்களின் தனிச்சட்டம் நான்கு மனைவியர் வரை அனுமதிக்கிறது. ஆனால் பலதார மணம் மதத்தின் இன்றியமையாத கூறு அல்ல என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

கும்பிடும் சாமி அவரவர் உரிமை. அந்தச் சாமியின் பெயரால் ஒரு பெண்ணை நடுத்தெருவில் நிறுத்த எவருக்கும் உரிமையில்லை. சகோதரிகளே, திருமணத்தைப் பதிவு செய்யுங்கள், பத்திரிகையையும் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணை அழையுங்கள்.