படுக்கையில் இருப்பவரின் புகார்



புகார் குறைவாக வந்தால் மருத்துவமனை நன்றாக நடக்கிறது என்று நிர்வாகங்கள் நெடுங்காலமாக நம்பிவருகின்றன. அந்த நம்பிக்கைக்கு என்ன விலை என்பதை இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை காட்டியது. 2005 முதல் 2009 வரை அங்கு நடந்தவற்றை விசாரித்த ராபர்ட் ஃபிரான்சிஸ் பதிவுசெய்தவற்றில் பெரும்பகுதி அன்றாடப் பராமரிப்பைப் பற்றியது: கைக்கெட்டாத தூரத்தில் வைக்கப்பட்ட தண்ணீர், அசுத்தமான பிறகும் நெடுநேரம் மாற்றப்படாத விரிப்பு. வாய் திறந்து கேட்டால் சில நிமிடங்களில் தீரக்கூடியவை இவை. ஆனால் பணியாளர்களின் மனம் கோணிவிடுமோ என்று பயந்து, மருந்தைக்கூட வற்புறுத்திக் கேட்க நோயாளிகள் தயங்கினார்கள் என்கிறது அவரது 2010 அறிக்கை. 2013இல் ஆன் கிளூயிட், டிரிஷியா ஹார்ட் இருவரும் இங்கிலாந்து மருத்துவமனைகளின் புகார் முறையை ஆராய்ந்தபோது 2,500க்கும் மேற்பட்டோர் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். புகார் செய்தால் சிகிச்சை கெட்டுவிடும் என்ற பயம் அங்கும் வெளிப்பட்டது.

உண்மையில் பழிவாங்கும் செவிலியர் எத்தனை பேர், பெரும்பாலோர் இரக்கத்தோடுதானே உழைக்கிறார்கள் என்று கேட்கலாம். உழைக்கிறார்கள்; அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் வலி மாத்திரை அரை மணி நேரம் தாமதமானால், அது வேலைப்பளுவா, காலையில் சொன்ன குறைக்குப் பதிலா என்று படுத்திருப்பவரால் பிரித்தறிய முடியாது. எழுந்து கழிப்பறைக்குப் போகவும் இன்னொருவர் கை வேண்டும் என்ற நிலையில் அவர் மௌனத்தைத் தேர்ந்தெடுப்பது கோழைத்தனம் ஆகாது, சரியான கணக்கு. பெயர் சொல்லாமல் புகார் எழுதலாமே என்பார்கள். ஆறு படுக்கை உள்ள வார்டில், எந்தப் படுக்கைக்கு மாத்திரை தாமதமானது என்பது எல்லோருக்கும் தெரியும். பெயரை மறைத்து என்ன பயன்? புகார்களால் பணியாளர்களின் ஊக்கம் குன்றும் என்ற வாதத்துக்கும் ஸ்டாஃபோர்டே விடை தருகிறது. அவசரப் பிரிவின் தவறுகளை வெளியே சொன்ன செவிலியர் ஹெலின் டோனலி சக ஊழியர்களாலேயே மிரட்டப்பட்டார். நோயாளியின் வாயை அடைத்த அதே பயம் நேர்மையான செவிலியரையும் துரத்தியது.

ஆகவே, புகார் செய்யும் உரிமையைச் சுவரில் எழுதி ஒட்டுவது போதாது. பராமரிக்கும் கைகளைத் தாண்டிப் போகும் வழி ஒன்று வேண்டும்; அது சிகிச்சை நடக்கும்போதே திறந்திருக்க வேண்டும். அப்படி ஒரு வழிக்கு முன்மாதிரி உண்டு. மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி 2021இல் இறந்தாள். முன்பே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணை அதிகாரி கூறினார். அதன் பிறகு பிறந்த 'மார்த்தா விதி', 2024 முதல் இங்கிலாந்தில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. உடல்நிலை மோசமாகிறது என்று கவலைப்படும் குடும்பத்தார், இரவானாலும் பகலானாலும், வார்டைச் சாராத வேறொரு தீவிர சிகிச்சைக் குழுவை நேரே அழைக்கலாம். தேவையற்ற அழைப்புகள் குவியும் என்ற அச்சம் சொல்லப்படுகிறது. வருபவர்கள் பயிற்சி பெற்றவர்கள். பார்த்துவிட்டு, ஆபத்தில்லை என்றால் சொல்லிவிட்டுப் போவார்கள். அழைக்கத் தயங்கியதால் ஓர் உயிர் போவதோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு சிறிது. ஆனால் இந்த விதி உயிராபத்துக்கானது. தண்ணீருக்கும் விரிப்புக்கும் வலி மாத்திரைக்கும் இப்படி ஒரு வழி எங்கே, அதற்கு யார் பொறுப்பேற்பது? இந்தக் கருத்தரங்கில் வாசிக்கப்படும் கட்டுரைகள் இதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு, அமர்வுகளைத் தொடங்கிவைக்கிறேன்.