பிள்ளையின் இயல்பும் பெற்றோர் கடமையும்

(திருவிழாவை முன்னிட்டு நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



மாங்கனிக் கதையை அறியாதார் இங்கு இலர். உலகை வலம் வருக என்றதும் இளையவர் மயிலேறிப் பறந்தார். மூத்தவரோ நிதானமாக எண்ணிப் பார்த்து, அம்மையப்பரையே வலம் வந்தார். பெற்றோர் ஒருவரே, பிள்ளைகளின் இயல்போ இரண்டு. அவ்விருவரையும் அன்பர்கள் இன்றும் தொழுகின்றனர்.

இவ்வேறுபாடு ஒவ்வோர் இல்லத்திலும் உண்டு. தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் உறுமி முழங்கியதும், ஒரு குழந்தை காவடியின் பின்னே ஓடும். உடன்பிறந்த மற்றொன்று தாயின் முந்தானையில் முகம் புதைக்கும். இருபது ஆண்டுகள் கழிந்த பின், "அன்று ஓடியவன் இன்றும் வீட்டில் தங்குவதில்லை, அன்று ஒளிந்தவள் இன்றும் நாலு பேர் முன் பேசத் தயங்குகிறாள்" என்பாள் அத்தாய்.

தாயின் இக்கணிப்பில் உண்மை உண்டு. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளின் நடத்தையை, அவர்களின் மூன்றாம் வயதில் ஆய்வாளர் குறித்து வைத்தனர். 26ஆம் வயதில் அவர்களை மீண்டும் ஆராய்ந்தபோது பழைய சாயல் புலப்பட்டது. கட்டுக்கடங்காத குழந்தைகள் எளிதில் மனக்கசப்புக் கொள்வோராகவும், கூச்சமுற்ற குழந்தைகள் முன்னின்று நடத்தத் தயங்குவோராகவும் வளரும் போக்குக் காணப்பட்டது. ஆயினும் அது சாயலே, தலைவிதி அன்று.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்ற முன்னோர், பழக்கம் என்றனரேயன்றி இயல்பு என்றிலர். இயல்பு பிள்ளை கொண்டு வருவது. பழக்கம் பெற்றோர் தருவது. கூச்சம் இயல்பு, வந்தவரைக் கைகூப்பி வரவேற்பது பழக்கம். துடிப்பு இயல்பு; தன் முறை வரும்வரை காத்திருப்பது பழக்கம்.

நியூயார்க்கில் 1956ஆம் ஆண்டு அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மருத்துவத் தம்பதியர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் தொட்டுப் பின்தொடர்ந்து அவர்கள் வற்புறுத்தியது, பொருத்தம் என்பதையே. பிள்ளையின் இயல்பு தானாகத் தீங்கு விளைப்பதில்லை. பெற்றோரின் எதிர்பார்ப்பு அதனோடு பொருந்தாதபோதே துன்பம் பிறக்கிறது. திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் பெற்றோர், இந்த ஒரு பொருத்தத்தைப் பார்க்க மறந்துவிடுகின்றனர்.

"பயந்தாங்கொள்ளி", "அடங்காப்பிடாரி" எனச் சூட்டும் பெயர்கள் பிள்ளையின் நெஞ்சில் நிலைத்துவிடும். தேவாரப் போட்டியில் மேடையேற அஞ்சும் சிறுமியை வலிந்து தள்ளுவதும் தவறு. "இவளால் ஆகாது" என்று விலக்குவதும் தவறு. முதலில் தோழியரோடு சேர்ந்து பாட விடலாம். துணிவு மெல்ல வரும். ஓரிடத்தில் நில்லாத சிறுவனை அதட்டுவதை விட, அன்னதானப் பந்தியில் நீர் வழங்கும் பணியில் ஈடுபடுத்துவது நன்று. கால்களின் வேகம் தொண்டாக மாறும்.

கனி கிட்டாத சினத்தில் இளையவர் குன்றேறி நின்றபோது, அம்மையப்பர் அவரைத் தேடிச் சென்று தேற்றினர் என்பது ஐதிகம். "அண்ணனைப் போல் இரு" என்று அவர்கள் கூறவில்லை. "பழம் நீ" என்றே கூறினர். அதுவே பழனி ஆயிற்று என்பர் பெரியோர். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெற்றோரிடம் கேட்க ஏங்கும் சொல்லும் அதுவே.