யார் உடைத்தது?

அடுப்படியில் 'சிலீர்' என்று சத்தம் கேட்டதும் நாம் போடும் முதல் கூச்சல், "யார் உடைத்தது?" 20 ரூபாய்க் கண்ணாடி டம்ளர்தான். ஆனாலும் குற்றவாளி கிடைக்கும்வரை நமக்கு ஆறுவதில்லை. துண்டுகளுக்கு நடுவே வெறுங்காலோடு நிற்கும் பிள்ளையின் பாதத்தை நாம் பார்ப்பதே இல்லை.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாள் 1888-ல், 15 வயதில், பிரான்சின் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தார். சேர்ந்த புதிதில், யாரோ சன்னலருகே வைத்துவிட்டுப் போன சிறு சாடி ஒன்று உடைந்து கிடந்தது. நவதுறவியரின் தலைவி இவரைக் கண்டித்தார். "நானல்ல" என்று இவர் சொல்லவில்லை. தரையை முத்தமிட்டு, இனிக் கவனமாயிருப்பதாக வாக்களித்தார். எளிதாகவா செய்தார்? இல்லை. இறுதித் தீர்வை நாளில் உண்மை வெளிப்படும் என்று எண்ணியே மனதைத் தேற்றிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். புனிதருக்கே ஒரு சாடிக்கு இவ்வளவு பாடு!

நம் பிள்ளைகள், செய்யாத தவற்றுக்கு வாங்கிய திட்டைத் தீர்வை நாள்வரை சுமக்க வேண்டாமே. இன்றிரவு குடும்பச் செபத்துக்கு உட்காருமுன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசிவிடுவோம். பாதத்தையும் பார்ப்போம், துண்டு ஏதாவது குத்தியிருக்கலாம்.