ஆலைக்கு மூன்று ஷிப்ட். குழந்தைக்கு ஒரே ராத்திரி

 

தடுப்பூசி போட வரும் தாய்மார்களிடம் "பிள்ளை எப்படியம்மா இருக்கிறது?" என்று கேட்டால், பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான். "எல்லாம் நல்லாத்தாங்க இருக்குது. ஆனா ராத்திரி தூங்கவே மாட்டேங்குது. பகல் பூரா தூங்குது. நாங்க படுக்கிற நேரத்துல கண்ணை முழிச்சுக்குது." இந்தக் குறையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நமது பகுதியில் இந்தக் குறை கூடுதலாகக் காதில் விழுவதற்குக் காரணம் உண்டு. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்திலும் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி திறக்கப்பட்டது. ஏரியும் நெல்வயலுமாக இருந்த ஊர்களில் இன்று விடியற்காலையிலும் கம்பெனி பஸ், நடுராத்திரியிலும் கம்பெனி பஸ். விளக்கு வைத்துச் சாப்பிட்டதும் வீடு அடங்கிய காலம் போய்விட்டது. ஒரே அறையுள்ள லைன் வீட்டில் ஒருவர் தூங்குகிறார், ஒருவர் சமைக்கிறார், ஒருவர் வேலைக்குக் கிளம்புகிறார். நடுவில் பச்சைக் குழந்தை!

ஆலைக்கு மூன்று ஷிப்ட் உண்டு. குழந்தைக்கு அப்படியில்லை. அதற்கு ஒரு பகல், ஒரு ராத்திரி, அவ்வளவுதான். வீட்டில் யாருக்கு எந்த ஷிப்ட் மாறினாலும் குழந்தையின் ராத்திரி மாறக்கூடாது. இன்றைய பேச்சில் நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுவே.

குழந்தையின் தூக்கம் எப்படிப்பட்டது?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிவுரைப்படி, பிறந்தது முதல் 3 மாதம் வரை குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு 14 முதல் 17 மணி நேரத் தூக்கம் தேவை. 4 மாதம் முதல் 11 மாதம் வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 12 முதல் 16 மணி நேரம் தேவை.

பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. அதன் வயிறு சிறியது. இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் பால் கேட்கும். அது பிடிவாதமும் அல்ல, பால் போதாததும் அல்ல, கண்ணேறும் அல்ல. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் மெள்ள மெள்ள ஓடத் தொடங்குவது இரண்டு மூன்று மாதத்தில்தான். அந்தக் கடிகாரத்திற்குச் சாவி கொடுப்பது வெளிச்சமும் இருட்டும். பகலில் வெளிச்சம், பேச்சு, விளையாட்டு. ராத்திரியில் இருட்டு, அமைதி. இரண்டையும் கலந்து கொடுத்தால் குழந்தை குழம்பிப் போகும்.

ஆகவே முதல் இரண்டு மாதம் அதன் போக்கிலேயே விடுங்கள். கேட்டபோதெல்லாம் பால் கொடுங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து ஓர் ஒழுங்கை மெதுவாகப் பழக்குங்கள்.

மணி அல்ல, வரிசை

"ஏழரை மணிக்குத் தூங்க வைக்கணும்னு சொல்றீங்க. ஷிப்ட் வேலைக்காரங்க வீட்டுல அது நடக்குமாங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் குழந்தைக்கு மணி பார்க்கத் தெரியாது. அதற்குத் தெரிவது எதற்குப் பின் எது வரும் என்பதே. எனவே மணி அரை மணி முன்பின் ஆனாலும் வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரிசை இதுதான்:

1. வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பைக் கழுவுங்கள், அல்லது ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.
2. சுத்தமான, மெல்லிய பருத்தித் துணி மாற்றுங்கள்.
3. டி.வி.யையும் செல்போனையும் நிறுத்துங்கள். பெரிய விளக்கை அணைத்து, சின்ன விளக்கைப் போடுங்கள்.
4. பால் கொடுத்து, தோளில் சாய்த்துத் தட்டி, ஏப்பம் விட வையுங்கள்.
5. ஒரு தாலாட்டு. தினமும் அதே பாட்டாக இருக்கட்டும். குரல் நன்றாக இல்லையே என்று கூச்சப்பட வேண்டாம்; உங்கள் குரலைவிட நல்ல குரல் குழந்தைக்குக் கிடையாது.
6. கண் சொருகும்போதே, முழுத் தூக்கம் வருமுன், பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

மொத்தம் அரை மணி நேர வேலை. இரண்டு மூன்று நாளில் பலனை எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். நடு ராத்திரியில் விழித்தால் பால் கொடுங்கள். ஆனால் பெரிய விளக்கைப் போடாமல், கொஞ்சிப் பேசாமல், விளையாட்டுக் காட்டாமல் கொடுத்து, மறுபடி படுக்க வையுங்கள். "ராத்திரின்னா இவ்வளவுதான்" என்று அது தானே கற்றுக்கொள்ளும்.

ஷிப்ட் வீட்டில் யார் என்ன செய்வது?

அப்பா இரண்டாம் ஷிப்ட் முடிந்து பதினோரு மணிக்கு வீடு வருகிறார். நாளெல்லாம் பிள்ளை முகம் பார்க்கவில்லை. தூக்கிக் கொஞ்ச ஆசை. ஆசை நியாயமானது, நேரந்தான் சரியில்லை. அப்போது எழுப்பினால் மறுபடி தூங்க ஒரு மணி ஆகும். மனைவியின் தூக்கமும் கெடும். தொடாமல் பார்த்துவிட்டுப் படுங்கள். மறுநாள் காலை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வேலையை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சுவதற்கு அதைவிட நல்ல நேரம் உண்டா?

நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வருகிறவர், கம்பெனி உடையைக் கழற்றி, கை முகம் கழுவிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள். பத்து நிமிடம் வாசலில் காலை வெளிச்சத்தில் வைத்திருங்கள். குழந்தைக்குப் பொழுது விடிந்தது என்று சொல்லும் வேலை உங்களுடையது. பிறகு நீங்கள் தூங்கப் போகலாம்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். அவர் தூங்குவதற்காகப் பகலில் ஜன்னலை மூடி அறையை இருட்டாக்குகிறோம். அந்த இருட்டிலேயே குழந்தையும் நாள் முழுக்கக் கிடந்தால், பகலையே ராத்திரி என்று எண்ணிக்கொள்ளும். பிறகு ராத்திரி விளையாடும்! குழந்தையைத் திண்ணையிலோ, பக்கத்து வீட்டிலோ, மரத்தடி நிழலிலோ வைத்துக்கொள்ளுங்கள். பகல் தூக்கமும் வெளிச்சமுள்ள இடத்திலேயே இருக்கட்டும். இன்னொன்று: இரவெல்லாம் விழித்து அயர்ந்து வந்தவர் பக்கத்தில் கைக்குழந்தையைப் போடாதீர்கள். அந்த அசதியில் மேலே புரண்டாலும் அவருக்குத் தெரியாது.

அம்மா வேலைக்குப் போகிறவர் என்றால்? மகப்பேறு விடுப்பு 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 26 வாரமாயிற்று. பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்துவிட்டால், வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு 18 வாரந்தான். அதாவது நாலு மாதம் சொச்சம். வரிசை பழகிக்கொண்டிருக்கும் நேரம் அது. ஆகவே வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, பாட்டியோ அப்பாவோ அதே வரிசையை, அதே பாட்டோடு, செய்து பழகட்டும். ஆள் மாறினாலும் வரிசை மாறவில்லையென்றால் குழந்தை ஏங்குவது குறையும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதி உண்டு. கேட்டுப் பெறுங்கள்.

தாய்ப்பாலைப் பீச்சி, கொதிக்க வைத்துச் சுத்தம் செய்த மூடியுள்ள பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போகலாம். நம் ஊர் வெக்கைக்கு வெளியில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். அடுப்பில் காய்ச்சாமல், சுடுதண்ணீரில் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்கி, பாலாடையால் கொடுங்கள். புட்டி வேண்டாம்.

எங்கே, எப்படிப் படுக்க வைப்பது?

குப்புறப் படுத்தால் குழந்தை நன்றாகத் தூங்கும் என்று சிலர் சொல்வார்கள். அது ஆபத்து. மேல்நாடுகளில் காரணம் தெரியாமலே தூக்கத்தில் குழந்தைகள் இறந்தன. இங்கிலாந்தில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று மக்களிடம் சொன்னார்கள். அமெரிக்காவில் அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. மருந்தில்லை, ஊசியில்லை, குழந்தையைத் திருப்பிப் போட்டதில் கிடைத்த பலன் இது.

நம் கோரைப்பாய் இதற்கு ஏற்றது. மேலே ஒரு துணி விரித்தால் போதும். தலையணை, பஞ்சு மெத்தை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். அம்மாவும் குழந்தையும் ஒரே அறையில் படுப்பது நல்லது. குடித்தவர், புகை பிடிப்பவர், தூக்க மாத்திரை சாப்பிட்டவர் குழந்தையோடு ஒரே பாயில் படுக்கக் கூடாது. குறை மாதக் குழந்தைக்குத் தனிப் பாய் அவசியம்.

தூளி கட்டலாமா? பகலில், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சிறிது நேரத்துக்குக் கட்டலாம். ஆனால் துணிக்குள் உடம்பு மடங்கி, தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு அடைபடும். ஆகவே தூங்கியதும் எடுத்துப் பாயில் போடுங்கள். ராத்திரி முழுக்கத் தூளியில் விடாதீர்கள். சின்னப் பிள்ளைகளை ஆட்ட விடாதீர்கள். குழந்தை புரளத் தொடங்கிவிட்டால் தூளியை அவிழ்த்துவிடுங்கள்.

ஷீட் கூரை வீடு ராத்திரியிலும் தகிக்கும். குழந்தையை இறுகச் சுற்றாதீர்கள். கழுத்தில் வியர்த்திருந்தால் துணி அதிகம் என்று அர்த்தம். மின்விசிறி போடலாம். கொசுவுக்குச் சுருள் புகை வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணிப் புகையும் அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது.

தூங்க மருந்து கொடுக்காதீர்கள்!

"காலையில அஞ்சு மணிக்கு பஸ். ஒரு மூடி இருமல் மருந்து கொடுத்தா நல்லாத் தூங்குது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தாய்மார்களே, இதைச் செய்யவே செய்யாதீர்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில், சளிக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்த இருமல் மருந்தினால் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தன. அந்த மருந்து தயாரானது வேறெங்கும் அல்ல, நமது சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அந்தத் தொழிற்சாலையின் உரிமம் ரத்தாயிற்று.

கலப்படமே இல்லாத இருமல் மருந்தும் பச்சைக் குழந்தைக்கு ஆகாது. 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதக் கூடாது என்று மத்திய அரசு 2025 அக்டோபரில் டாக்டர்களுக்கே அறிவுரை வழங்கியது. மருந்து தருவது தூக்கம் அல்ல, மயக்கம். அந்த மயக்கத்தில் மூச்சு அடங்கிப் போகலாம். அதேபோல வசம்பு உரசிக் கொடுப்பதும் வேண்டாம். அதனால் வலிப்பு வந்த குழந்தைகள் உண்டு.

அழுகை நிற்காமல் உங்களுக்கே ஆத்திரம் வந்தால், குழந்தையைப் பத்திரமாகப் பாயில் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் வாசலில் போய் நில்லுங்கள். கோபத்தில் குலுக்காதீர்கள், மூளைக்குள் ரத்தம் கசியும். பிரசவமாகி இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமில்லாமல் அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால், அது உங்கள் குற்றமில்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடம் மனம் விட்டுச் சொல்லுங்கள். உதவி உண்டு.

எப்போது உடனே வர வேண்டும்?

குழந்தை பால் குடிக்க எழுப்பியும் எழாவிட்டால், பால் குடிக்க மறுத்தால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, வலிப்பு வந்தால், மூச்சு வாங்கினால், அதைத் தூக்கப் பிரச்சினை என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 மூச்சோ அதற்கு மேலோ ஆபத்தின் அறிகுறி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே கொண்டு வாருங்கள், அல்லது 108-க்குப் போன் செய்யுங்கள்.

பெரியோர்களே! கம்பெனி நேரத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் கழுவு, துணி மாற்று, விளக்கைக் குறை, பால் கொடு, பாடு, மல்லாக்கப் படுக்க வை என்ற இந்த ஆறு வேலைகளின் வரிசை நம் கையில் இருக்கிறது. இன்று ராத்திரியே தொடங்குங்கள். அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது பிள்ளை எப்படித் தூங்குகிறது என்று எங்களிடம் சொல்லுங்கள்.