குசினியை இழுத்துக் கட்டுவதற்கு முன்

தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கட்டடப் பெர்மிட் என்பது பழக்கமில்லாத சொல். லயத்து வீடு கம்பெனியின் வீடு. கூரைத் தகரம் ஓட்டையானால் கிராணியிடம் சொல்வோம். அவர் துரையிடம் சொல்வார். வீட்டுக்குப் பின்னால் நாலு கம்பை நட்டு, பழைய தகரத்தைப் போட்டு, கோழிக்கூடோ விறகுக் கொட்டகையோ கட்ட வேண்டுமென்றால், மண்டோர் கண்டும் காணாமலும் இருந்தால் போதும். 1966-ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமும், அதன் இடத்தில் 1990-இல் வந்த சட்டமும், குடியிருப்பைத் தக்கபடி வைத்திருக்கும் பொறுப்பை முதலாளியின் தலையிலேதான் வைத்தன. அதைக் கவனிப்பது தொழிலாளர் இலாகாவின் வேலை. பிளான் என்றும் கட்டணம் என்றும் நம்மிடம் யாரும் வந்து கேட்டதில்லை.

இன்று செமோர் வட்டாரத்தில் ரப்பர் மரம் நின்ற இடங்களிலே தாமான்கள் நிற்கின்றன. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் மலிவு விலை வீடு வாங்கி, மாதா மாதம் வங்கிக்குக் கட்டி வருகின்றன. செமோர் பார்ப்பதற்குச் சிறிய பட்டணம்தான். ஆனால் அது 1988-ஆம் ஆண்டு மே 27-இல் மாநகரான ஈப்போவின் எல்லைக்குள் இருக்கிறது. அங்கே வீட்டில் ஒரு சுவரை எழுப்ப வேண்டுமானால் கேட்க வேண்டிய இடம் ஈப்போ மாநகர் மன்றம்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாளின் கதையைச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். மகளின் கல்யாணத்துக்கு முன் குசினியைப் பின்பக்கம் இழுத்துக் கட்ட ஆசைப்பட்டார். குத்தகைக்காரர் வந்து பார்த்தார். "பெர்மிட் எல்லாம் எதுக்கு அக்கா? இந்த வரிசையிலே எல்லாரும் இப்படித்தானே கட்டியிருக்காங்க" என்றார். அம்மாளும் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். பின் சந்து வரைக்கும் சுவர் எழும்பிவிட்டது. மழை வந்தது. புதுக் கூரையின் தண்ணீர் பக்கத்து வீட்டு முற்றத்தில் கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்தார். அடுத்த வாரம் வாசற் கதவிலே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. குத்தகைக்காரரின் தொலைபேசியோ ஒலித்துக்கொண்டே இருந்ததாம், எடுப்பார் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், மன்றத்தின் எழுத்து மூலமான அனுமதியை முன்கூட்டியே பெறாமல் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. இருக்கிற வீட்டோடு சேர்த்துக் கட்டுவதும் அதில் அடங்கும். மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றம் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் மேற்கொண்டு 1,000 வெள்ளி. இது உச்ச வரம்பு. குசினிக்காகச் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் இடிக்கச் சொல்லும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு. இடிக்கும் கூலியும் நம் கையிலிருந்துதான் போகும்.

"சரி, கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்கள் என்னதான் பார்க்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 1984-ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச் சட்டங்களில் சில அளவுகள் இருக்கின்றன. குடியிருக்கும் அறைக்குத் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது சன்னல் வேண்டும். அதில் பாதியாவது காற்றோட்டமாகத் திறக்க வேண்டும். படுக்கையறையின் உயரம் 2.5 மீட்டருக்கும், குசினியின் உயரம் 2.25 மீட்டருக்கும் குறையக் கூடாது. பின் சுவர் வரைக்கும் இழுத்துக் கட்டினால் என்ன ஆகிறது? பழைய பின்னறையின் சன்னல் வெளிக்காற்றுக்குத் திறக்காமல் புதுக் குசினிக்குள்ளே திறக்கிறது. தாளிக்கிற புகை தூங்குகிற பிள்ளையின் முகத்தில் அடிக்கிறது. தீப்பிடித்தால் பின் வழியே ஓடவும் இடமில்லை. இதைப் பிளானில் பார்த்துத் திருத்தச் சொல்வதற்குத்தான் அந்தக் கட்டணம்.

கட்டணத்தை மன்றம் தரையின் பரப்பளவை வைத்துக் கணக்கிடுகிறது. சிறிய குசினிக்குச் சிறிய தொகை. பெரிய மாளிகைக்குப் பெரிய தொகை. உண்மையில் நம் கையைக் கடிப்பது அதுவல்ல, பிளான் வரையும் கூலி. பிளானைப் பதிவு பெற்றவர்தான் கொடுக்க வேண்டும். சிறிய வீட்டுக்குப் பெரிய கட்டடக் கலைஞர் தேவையில்லை. கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெற்ற வரைவாளரே போதும். கூலியை முன்பே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே தாமானில் ஒரே மாதிரி வீட்டில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே வரைவாளரிடம் போனால், கூலியைக் குறைத்துக் கேட்க முடியும். தோட்டத்தில் சேர்ந்து கூட்டுறவுக் கடை நடத்தினோமே, அதுபோலத்தான்.

இந்தப் பிளான் கூலிக்குப் பின்னால் ஒரு மாற்றமும் இருக்கிறது. முன்பெல்லாம் வீடு கட்டி முடிந்தபின் சி.எப். என்ற சான்றிதழை மன்றமே கொடுத்தது. சாவிக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் நம்மில் உண்டு. 2007 ஏப்ரல் 12 முதல் அந்த முறை போய், சி.சி.சி. என்ற சான்றிதழ் வந்தது. அதைக் கொடுப்பது பிளானைச் சமர்ப்பித்த நிபுணர். அதே ஆண்டில், விண்ணப்பங்களை ஒரே இடத்தில் வாங்கும் சேவை மையங்களும் மன்றங்களில் வந்தன. காத்திருப்பு குறைந்தது நன்மைதான். ஆனால் மன்றத்தின் மேலிருந்த பொறுப்பு நிபுணரின் மேல் போனது. பொறுப்பு போன இடத்துக்குக் கூலியும் போகும் அல்லவா?

தமிழ்நாட்டிலும் இதே போக்குதான். அங்கே 2024 ஜூலை 22-இல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், தாமே உறுதிமொழி கொடுத்து இணையத்தில் உடனடி அனுமதி பெறும் திட்டத்தைத் தொடங்கினார்கள். வேகம் உண்டு, தவறான விவரம் கொடுத்தால் சிக்கலும் கொடுத்தவருக்குத்தான்.

இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்கள், "இது எங்களுக்கு எதற்கு?" என்று எண்ண வேண்டாம். தோட்ட நிலம் தாமானாகும்போது நிலத்தின் வகையை மாற்ற மாநில அரசுக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். திட்ட அனுமதிக்குக் கட்டணம், பிளானுக்குக் கட்டணம், சாலைக்கும் வடிகாலுக்கும் மன்றத்துக்குச் செலுத்தும் தொகை என்று இன்னும் உண்டு. கட்டுகிறவர் மேம்பாட்டாளர். ஆனால் அவர் தம் வீட்டுப் பெட்டியிலிருந்தா எடுத்துக் கொடுப்பார்? வீட்டின் விலையிலே வைத்துவிடுவார். ஆகவே கட்டணம் உயரும் செய்தி தோட்டத்தை விட்டு வெளியேறப்போகும் குடும்பத்தின் செய்தியும்தான். மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் போய்க் கேட்கலாம் என்று 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இடம் கொடுக்கிறது. நம்மவர் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

ஆக, கட்ட நினைப்பவர்கள் முதலில் முகப்பிலே போய் இப்போதைய கட்டண விகிதத்தைக் கேளுங்கள். பத்து வருஷத்துக்கு முன் அண்ணன் கட்டிய கணக்கு உதவாது. முன்பணம் கட்டச் சொன்னால், அது திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இடையில் நிற்கிற யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். மன்றத்தின் ரசீது கையில் இருக்க வேண்டும். அடுக்குமாடி வீடென்றால் நிர்வாகக் குழுவையும் கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தபின் 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடுங்கள். இல்லையேல் அது காலாவதியாகிவிடும்.

அந்த அம்மாள் பிறகு ஒரு வரைவாளரைப் பிடித்தார். பின் சுவரை உடைத்து உள்ளே தள்ளிக் கட்டினார்கள். கூரைத் தண்ணீருக்குப் பீலி வைத்தார்கள். கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப்போயிற்று. குசினியில் மூன்றடி குறைந்தது. ஒரு சன்னல் கூடியது. அதன் வழியே பக்கத்து வீட்டுக்காரி இப்போது கறிவேப்பிலை கேட்கிறாளாம்.